அஸ்மாராவுக்கு வந்த சுவிஸ் அகதி

ஜூரிக் நகரத்துச் சேரியில் பிறந்த ஒரு தச்சன். ஊரில் சண்டை, பஞ்சம். உயிர் மிஞ்சினால் போதும் என்று ஓடிவந்து, எரித்ரியாவின் தலைநகர் அஸ்மாராவில், வெளிநாட்டுக் கூலிகள் தங்கும் விடுதி ஒன்றில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோர்ந்து கிடக்கிறான். அவனுடைய குடும்பப் பெயர் அந்த ஊர்க்காரர் வாயில் நுழையாது. அதனால் கதைசொல்லியே அவனுக்கு யாகூபா என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறார். விடுதிக்கு வெளியே ஆப்பிரிக்க ஐக்கிய நாடுகள் என்ற செல்வம் கொழிக்கும் தேசம் அவனைக் கவனிக்கக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எரித்ரியாவின் பக்கத்து நாடான ஜிபூட்டியைச் சேர்ந்த அப்துர்ரஹ்மான் வாபெரி 2006-ல் பிரெஞ்சில் எழுதிய 'ஆப்பிரிக்க ஐக்கிய நாடுகளில்' என்ற நாவலின் தொடக்கம் இது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2009-ல் வந்தது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் இதை எடுத்துக்கொண்டோம். முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், "வெள்ளைக்காரனுக்கு நல்லா திருப்பிக் குடுத்துருக்காரு" என்றார். மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். பழிக்குப் பழி வாங்கும் கதை, படிக்க ஜாலியாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்றைக்குப் பேச நேரம் போதவில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு இந்த நாவலோடு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. நான் அஸ்மாரா பக்கம் பாடம் நடத்தியவள். 2000-களின் நடுவில் எரித்ரியா புதிய கல்லூரிகளைத் திறந்தபோது தமிழ்நாடு, கேரளம், ஆந்திரா என்று பல இடங்களிலிருந்தும் நிறைய பேர் காண்ட்ராக்டில் லெக்சரர் வேலைக்குப் போனோம். நான் ஆங்கிலம் எடுத்தேன். அதனால் வாபெரி தன்னுடைய பணக்கார உலகத்துக்கு நியூயார்க் போலவோ பாரிஸ் போலவோ ஒரு கற்பனை நகரத்தைக் கட்டாமல் அஸ்மாராவைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பார்த்தவுடன், மற்றவர்கள் சிரித்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அஸ்மாராவைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் மறக்காது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வெயில் அடிக்கும், ஆனால் காற்று கொடைக்கானல் மாதிரி சில்லென்று இருக்கும். சாயங்காலம் ஆனதும் ஹார்னெட் அவென்யூவில் ஊரே நடக்க வந்துவிடும். கோட்டும் தொப்பியும் போட்ட தாத்தாக்கள், கைகோர்த்து நடக்கும் பிள்ளைகள், ரோட்டோரம் வரிசையாகப் பனை வகை மரங்கள், காபிக் கடையில் சின்னக் கண்ணாடி டம்ளரில் மக்கியாட்டோ. கொஞ்சம் தள்ளிப் போனால் ஃபியாட் தாலியெரோ என்ற பழைய பெட்ரோல் பங்க் நிற்கும். 1938-ல் கட்டியது. ஆகாய விமானம் மாதிரி இரண்டு பக்கமும் கான்கிரீட் இறக்கைகள். ஒரு தூண்கூட முட்டுக் கொடுக்காமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டடங்களுக்காகவே 2017-ல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எனக்குப் பிடித்த இடம் அது இல்லை, மெதெபெர். பழைய இரும்பெல்லாம் மறுபடி உயிர் பெறும் சந்தை. வாசலுக்குள் நுழையும்போதே சுத்தியல் சத்தம் காதை அடைக்கும். ஒருவர் எண்ணெய் டிரம்மை உளியால் நீளவாக்கில் பிளப்பார். அடுத்தவர் அதை மண்தரையில் போட்டு அடித்து அடித்துத் தகடாக்குவார். மூன்றாமவர் அதை வளைத்து அடுப்பாக்கி, ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க மடித்துத் தட்டுவார். மறுபக்கம் பெண்கள் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பார்கள். நெடி தொண்டையைப் பிடிக்கும். எங்கள் ஊர் மசாலா மில்லுக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும். எதையும் வீணடிக்கத் தெரியாத மக்கள். இவர்கள் கையில் உலகத்தின் பணமெல்லாம் இருந்தால் எப்படி இருக்கும் என்று வாபெரி கேட்பது எனக்கு அபத்தமாகத் தெரியவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஐரோப்பியத் தச்சன் பிழைப்புத் தேடி அஸ்மாராவுக்கு வருவது கற்பனையே கிடையாது. அது நடந்த விஷயம்.

எரித்ரியா 1890 முதல் 1941 வரை இத்தாலியின் காலனி. 1939 கணக்குப்படி அஸ்மாராவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். அதில் 53,000 பேர் இத்தாலியர்கள். பாதிக்கும் மேல்! இவர்கள் எல்லோரும் கவர்னர்களும் தளபதிகளும் இல்லை. கொத்தனார், தச்சர், லாரி டிரைவர், மெக்கானிக் என்று ஊரில் வேலை கிடைக்காமல் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். ஏழையாகத்தான் வந்தார்கள். ஆனால் துரையாக இறங்கினார்கள். இறங்கிய அன்றைக்கே உள்ளூர்க்காரன் நடக்கக்கூடாத தெருவில் அவர்கள் நடக்கலாம், உள்ளூர்க்காரன் உட்காரக்கூடாத காபிக் கடையில் உட்காரலாம். எரித்ரியப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஐந்தாம் வகுப்பு என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. முப்பதுகளின் பிற்பகுதியில் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தபின் இது இன்னும் இறுகியது.

ஆக, வாபெரி மாற்றியது எதை? வெள்ளைக்காரத் தச்சன் அஸ்மாராவுக்கு வருவதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவன் துரையாக இறங்காமல், மற்ற எல்லா அகதியும் இறங்குவது மாதிரி இறங்கினால் என்ன ஆகும் என்று மட்டும்தான் கேட்கிறார். தலைகீழாக்கியது அந்த ஒரு படியைத்தான்.

ஐரோப்பியர்கள் நிஜமான அகதிகளாகவே ஆப்பிரிக்காவுக்கு வந்ததும் உண்டு. 1944-ல் ஜெர்மன் படைகளுக்குப் பயந்து, இன்றைய குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையிலிருந்து கிளம்பிய சுமார் 30,000 பேர் எகிப்தில் சூயஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் எல் ஷாட் என்ற பாலைவன முகாமில் கூடாரங்களில் இருந்தார்கள். குழந்தைகள் அங்கேதான் பிறந்தன, அங்கேதான் கல்லறைகளும் எழுந்தன. அதற்குக் கொஞ்சம் முன்பு, ஸ்டாலின் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்திய போலந்துக் குடும்பங்கள் ஈரான் வழியாக வெளியேறி, பல ஆயிரம் பேர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்தார்கள். இன்றைய தான்சானியாவில் அருஷாவுக்கு அருகே டெங்கெரு, உகாண்டாவில் மசிண்டி என்று முகாம்கள். நம் பக்கத்தில் கோலாப்பூரை ஒட்டிய வலிவடேயிலும் அதே மாதிரி ஒரு போலந்து முகாம் இருந்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகோ, போர்ச்சுகலில் வேலை இல்லாத எஞ்சினியர்கள் தங்கள் பழைய காலனியான அங்கோலாவின் விசாவுக்கு வரிசையில் நின்றார்கள்.

இதையெல்லாம் நம் பள்ளிப் புத்தகத்தில் யாரும் படித்ததில்லை. நானும் எரித்ரியா போயிராவிட்டால் தேடியிருக்க மாட்டேன். வாபெரியின் முதல் பக்கம் நமக்கு விசித்திரமாகத் தெரிகிறது என்றால், ஐரோப்பியன் பசியோடு இன்னொருவன் வாசலில் நின்ற சரித்திரம் அத்தனை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பழிவாங்கல் என்று சொல்லி மூடிவைத்தால் இது கண்ணில் படாது.

இனி நாவலுக்கே வருகிறேன். வாபெரி 1965-ல் ஜிபூட்டியில் பிறந்தவர். அப்போது அது பிரெஞ்சு சோமாலிலாந்து. ஆப்பிரிக்க மண்ணில் பிரான்ஸ் கடைசியாக விட்டுக்கொடுத்த இடம் அது, 1977-ல்தான் விடுதலை. இன்றைக்கும் பிரெஞ்சு ராணுவத் தளம் அங்கே இருக்கிறது, அமெரிக்கத் தளம் இருக்கிறது, ஜப்பான் தளம் இருக்கிறது, 2017 முதல் சீனாவின் தளமும் இருக்கிறது. நம் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களையும் சேர்த்து அதைப்போல இரண்டு மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் நாடு. அப்படிப்பட்ட நாட்டில் பிறந்து, இருபது வயதில் பிரான்சுக்குப் படிக்கப் போய், நார்மண்டியில் கான் நகரத்தில் ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தவர் அவர். நாவலின் நாயகி மாயா பிறந்த இடமும் நார்மண்டிதான். எழுத்தாளர் தினம் பார்த்த பச்சைப் புல்வெளியையும் மழையையும்தான் பஞ்சப் பிரதேசமாக எழுதியிருக்கிறார்.

மாயாவின் கதை இது. அஸ்மாராவைச் சேர்ந்த ஒரு நல்ல டாக்டர், மனிதாபிமானப் பணிக்காக நார்மண்டிக்குப் போகிறார். அங்கே வறுமையில் வாடும் ஒரு வெள்ளைக் குழந்தையைத் தத்தெடுத்து வருகிறார். அவள் அஸ்மாராவின் வசதியான வீட்டில் அன்போடு வளர்கிறாள், சிற்பியாகிறாள், வளர்ந்தபின் பெற்ற தாயைத் தேடி பிரான்சுக்குக் கிளம்புகிறாள்.

வட்டத்தில் எல்லோரும் ரசித்தது பெயர் விளையாட்டுகளைத்தான். மெக்டியோப் என்ற ஹோட்டல், சார் ம்போக் என்ற காபிக் கடை, நெகுஸ்கஃபே என்ற காபித்தூள். மெக்டொனால்ட்ஸ், ஸ்டார்பக்ஸ், நெஸ்கஃபே இடத்தில் ஆப்பிரிக்கக் குடும்பப் பெயர்களும் பட்டப்பெயர்களும் உலக பிராண்டுகள் ஆகிவிடுகின்றன. எனக்கு அவை இரண்டாம் பட்சம். என்னை உலுக்கியது அந்த டாக்டர். அவர் கெட்டவரே இல்லை. மகளை உயிராக நேசிக்கிறார். அவருடைய கருணையில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் குழந்தை எந்த நாட்டில் வளர வேண்டும், என்ன பெயரில் வளர வேண்டும், எந்தக் கதையைக் கேட்டு வளர வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார், நார்மண்டியில் அவளைப் பெற்றவள் இல்லை. யாகூபாவுக்குக் கதைசொல்லி பெயர் வைத்ததும் இதே காரியம்தான். இரக்கப்படுகிறவன் கையில் பேனா இருக்கிறது, இரக்கத்துக்கு ஆளானவன் கையில் அது இல்லை. பணம் யாரிடம் இருக்கிறது என்பதைவிட இது ஆழமான அதிகாரம் என்று நான் நினைக்கிறேன். வாபெரி ஐரோப்பியர்களைக் கொடுமைப்படுத்தும் ஆப்பிரிக்கர்களைக் காட்டியிருந்தால் அது பழிவாங்கல். அவர் காட்டுவது ஐரோப்பியர்கள்மேல் பரிதாபப்படும் ஆப்பிரிக்கர்களை.

நாவலில் குறையும் இருக்கிறது. மாயாவைப் பார்த்து 'நீ, நீ' என்று பேசிக்கொண்டே போகும் நடை நடுவில் களைப்பாக்குகிறது. தாயைச் சந்திக்கும் இடத்துக்கு அத்தனை ஆயிரம் மைல் பயணம் செய்து வந்துவிட்டு, வாபெரி அவசர அவசரமாகக் கடந்துபோய்விடுகிறார். அந்தத் தாய் வாய் திறந்து நாலு பக்கம் பேசியிருக்க வேண்டும். அவளுக்கும் பேனா கொடுக்கவில்லையே என்று எனக்கு இன்னமும் ஆதங்கம்.

இப்போது அஸ்மாராவின் மறுபக்கம். 2013 அக்டோபர் 3-ஆம் தேதி இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்குப் பக்கத்தில் ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்தது. 360-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எரித்ரியர்கள். சட்டத்தில் 18 மாதம் என்று எழுதியிருக்கும் தேசிய சேவை, எத்தியோப்பியாவோடு நடந்த 1998 எல்லைப் போருக்குப் பின் முடிவே இல்லாமல் நீண்டது. பிளஸ் டூ மாதிரியான கடைசி வகுப்பைப் பிள்ளைகள் சாவா ராணுவ முகாமில்தான் படித்தாக வேண்டும். என் வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்து ஷேக்ஸ்பியர் கேட்ட பிள்ளைகளில் பலர் சூடான், லிபியா என்று பாலைவனத்தைக் கடந்து போய்விட்டார்கள். செய்தி வந்த அந்த வாரம் முழுவதும் பழைய அட்டெண்டன்ஸ் பட்டியல்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்த நாடுகளில் ஒன்று சுவிட்சர்லாந்து. பல ஆண்டுகள் அங்கே அகதி விண்ணப்பம் போட்டவர்களில் எரித்ரியர்களே முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்பு, எண்பதுகளில், அதே வாசலில் நின்றவர்கள் நம் ஈழத்தமிழர்கள். ஜூரிக் நகரத்து ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவித்தான் அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். வாபெரி தன் அகதியை ஜூரிக்கிலிருந்து கிளப்பி அஸ்மாராவுக்கு அனுப்புவதை எரித்ரியரோ ஈழத்தமிழரோ படித்தால், அது வெறும் கற்பனைப் பயணமாகத் தெரியாது. தாங்கள் போன அதே ரூட், எதிர்த் திசையில்.

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். அவனுக்கு இந்த நாவலை அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் பண்ணினான். "டீச்சர், எனக்கு அஸ்மாரா இவ்வளவு பணக்கார ஊரா ஆக வேண்டாம். அம்மாவைப் பார்க்க லீவுக்குப் போயிட்டு வர்ற ஊரா இருந்தா போதும்" என்றான். வாபெரிமேல் அவனுக்குக் கோபம்கூட இருந்தது. கனவில்கூட ஏன் மேலே ஒருவன் கீழே ஒருவன் இருக்க வேண்டும் என்று கேட்டான். தலைகீழாக்கும் கதைகள்மேல் வைக்கப்படும் மிகக் கனமான குற்றச்சாட்டு இது. ஏணியை அப்படியே வைத்துவிட்டு, ஆட்களை மட்டும் இடம் மாற்றுகிறார்கள் என்பது.

அவனுக்கு நான் சொன்ன பதில்: ஏணி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் ஆட்களை மாற்றித்தான் ஆக வேண்டும். நாம் பிறந்ததிலிருந்து ஒரே ஆட்கள் மேலேயும் ஒரே ஆட்கள் கீழேயும் இருப்பதைப் பார்த்தால், அது ஏணி என்றே தோன்றாது, இயற்கை என்று தோன்றும். அவன் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

இதைப் பெர்னார்டின் எவரிஸ்டோ வாபெரியைவிடத் துணிச்சலாகச் செய்திருக்கிறார். 'ப்ளாண்ட் ரூட்ஸ்', 2008. அம்மா ஆங்கிலேயர், அப்பா நைஜீரியர், லண்டனில் வளர்ந்தவர். 2019-ல் வேறொரு நாவலுக்காக புக்கர் பரிசு பெற்றவர். 'ப்ளாண்ட் ரூட்ஸ்' நாவலில் அடிமை வியாபாரமே திரும்பிவிடுகிறது. இங்கிலாந்தில் முட்டைக்கோஸ் பயிரிடும் ஏழைக் குடும்பத்து டோரிஸ் என்ற சிறுமியை ஆட்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கப்பலில் அடைத்து, கறுப்பின எஜமானர்களுக்கு விற்கிறார்கள். பெயரை மாற்றுகிறார்கள். புத்தகத்தின் முதலில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் ஆப்பிரிக்கா மேலே, ஐரோப்பா கீழே. அதைப் பார்க்கும்போதே தலை கிறுகிறுக்கும்.

டோரிஸின் எஜமானன் பெயர் காகா கொனாட்டா கடாம்பா. அந்த முதலெழுத்துகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவள் தோலில் சூடு போட்டிருக்கிறார்கள்: கே, கே, கே. அமெரிக்காவில் கறுப்பர்களைத் தூக்கில் தொங்கவிட்ட கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தின் அதே மூன்று எழுத்து. ஒரு மனிதன் தன் சொந்தப் பெயரை எழுதிக்கொள்கிற சாதாரணக் காரியமாக அந்தக் கொடூரம் வந்து நிற்கிறது. அந்த எஜமானனுக்கும் எவரிஸ்டோ நிறையப் பக்கங்கள் தருகிறார். வெள்ளையர்களின் மண்டை ஓட்டு அமைப்பு, அவர்களுக்கு வலி உறைக்காது, அடிமையாக்கியதே அவர்களுக்குச் செய்த நன்மை என்றெல்லாம் விஞ்ஞானம் பேசுவான். அந்த வாதங்களில் எதுவும் எவரிஸ்டோவின் கற்பனை இல்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அறிஞர்கள் மை தொட்டு எழுதியவைதான். ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு ஒரு தோழி, "வெள்ளைக்காரக் குழந்தையைக் கப்பல்ல கட்டிப்போட்டுப் பார்க்கிறதுல என்ன சந்தோஷம்?" என்று கேட்டாள். சந்தோஷமே இல்லை. அட்லாண்டிக் வழியாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒன்றேகால் கோடி என்றால் மனது கேட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். முட்டைக்கோஸ் தோட்டத்தில் கண்ணாமூச்சி விளையாடிய டோரிஸை மனது அப்படிக் கடந்துபோகாது. எங்கோ ஒரு மூலையில் நாம் எல்லோரும் வெள்ளைக் குழந்தையின் அழுகைக்கு அதிகமாகத் திரும்பிப் பார்க்கப் பழக்கப்பட்டிருக்கிறோம். எவரிஸ்டோ அந்தப் பழக்கத்தைத்தான் கையில் எடுத்து, அதை வைத்தே கறுப்புக் குழந்தைக்கு நடந்ததை உணர வைக்கிறார். என் தோழி கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி.

இது நாவல்களில் மட்டும் நடக்கவில்லை. 1984-ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பிரிட்டிஷ், அயர்லாந்துப் பாடகர்கள் சேர்ந்து ஒரு நிதிப் பாட்டு பாடினார்கள். இது கிறிஸ்துமஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் அதன் தலைப்பே. எத்தியோப்பியாவில் நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் அரச மதம். இங்கிலாந்து மன்னர்கள் ஞானஸ்நானம் பெறுவதற்கு வெகு காலம் முன்பு. ஜனவரி 7-ஆம் தேதி, எரித்ரியாவிலும் கொண்டாடும் அந்தக் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று எனக்கு நேரில் தெரியும். வெள்ளைத் துணி போர்த்திய கூட்டம் விடிய விடியக் கோயிலில் நிற்கும். காசு சேர்ந்தது, உயிர்கள் பிழைத்தன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதவி பெற்ற மக்களைப் பற்றி உலகம் முழுக்க நினைவில் நின்றது, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான்.

2012-ல் நார்வேயின் மாணவர் உதவி அமைப்பு ஒன்று இதற்குப் பதிலாக ஒரு வீடியோ வெளியிட்டது. ஆப்பிரிக்க இளைஞர்கள் கூடிப் பாடுகிறார்கள்: பாவம் நார்வேக் குழந்தைகள், குளிரில் விறைத்துப் போகிறார்கள், உங்கள் வீட்டில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை அனுப்புங்கள். அந்த ஊர்ப் பனிக்காட்சிகளை மட்டும் ஒட்டி ஒட்டிக் காட்டுவார்கள். நான்கு நிமிடத்துக்கும் குறைவு. வகுப்பில் இலக்கியக் கோட்பாடு நடத்துவதைவிட இதைப் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். பிறகு சில ஆண்டுகள் அதே அமைப்பு, மிக மோசமான நிதி விளம்பரத்துக்குத் துருப்பிடித்த ரேடியேட்டர் என்று ஒரு விருதும் கொடுத்தது.

பெனின் நாட்டு சில்வெஸ்தர் அமுசு எடுத்த 'ஆப்ரிக் பாரடி' படத்திலும் இதே உலகம்தான். 2033-ல் வேலையில்லாத பிரெஞ்சு ஜோடி ஆப்பிரிக்காவுக்குள் நுழையப் பார்க்கிறது. படமாக எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை, வசனம் பிரசங்கமாகிவிடுகிறது. ஆனால் விசாவுக்காக அலையும் காட்சிகளில் யாரும் வசனம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. இன்றைக்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குள் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ. மறுத்துவிட்டால் காசு திரும்பி வராது. அந்த 90 யூரோ சேர்க்க ஒரு ஆப்பிரிக்க வாத்தியார் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

நானும் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே ஓர் அறை. அஸ்மாராவில் குடியேற்ற அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் எரித்ரிய அதிகாரி, இந்தப் பக்கம் ஜூரிக்கிலிருந்து வந்த ஒருவர், நடுவில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் பேசுவது பெர்லின் ஜெர்மன், வந்தவர் பேசுவது சுவிஸ் ஜெர்மன். பாதி ஏறவில்லை. அந்தப் பாதியெல்லாம் முன்னுக்குப் பின் முரண் என்று கோப்பில் பதிவாகிறது. கேள்விகளை நான் உருவாக்கவில்லை. ஜெர்மனியில் இருக்கும் அந்த மாணவனிடம் அவனுடைய நேர்காணலில் கேட்டதை எல்லாம் எழுதி அனுப்பச் சொன்னேன். ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றினேன்.

உங்கள் அடையாள அட்டை என்ன நிறம்? உங்கள் ஊர் வழியாக ஓடும் ஆற்றின் பெயர் என்ன? லிம்மாட் என்கிறீர்கள், அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது? இருபது பிராங்க் நோட்டில் என்ன படம் இருக்கிறது? தினமும் கையில் பிடித்த நோட்டு என்றால் ஏன் தடுமாறுகிறீர்கள்? பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை நிமிட நடை? போன தடவை இருபது என்றீர்கள், இப்போது அரை மணி என்கிறீர்கள். உங்கள் அப்பா எந்த மாதம் இறந்தார்? எல்லையைத் தாண்டிய அன்றைக்கு நிலா இருந்ததா?

மாணவன் அனுப்பிய தாளில் இன்னும் பதினைந்து, பதினாறு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. அந்த சுவிஸ்காரர் அவற்றுக்கு என்ன பதில் சொல்வார் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அவருடைய குடும்பப் பெயரை அவரே சொல்வார், அதிகாரி எழுத்துக் கூட்டிச் சரியாக எழுதிக்கொள்வார். அதை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன்.